ஐந்தரை மணி நேரப் பயணமும் ஐவேளைத் தொழுகையும்



சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 4,400 கிலோ மீட்டர். நடுவில் எங்கும் இறங்காமல் பறக்கும் விமானம் இந்தத் தூரத்தை ஐந்தரை மணி முதல் ஆறு மணி நேரத்திற்குள் கடந்துவிடுகிறது. காலையில் வீட்டில் பசியாறிவிட்டுப் புறப்பட்டவர் அன்றிரவே கஃபத்துல்லாஹ்வின் முன் நிற்க முடிகிறது.

நம் முன்னோர்களுக்கு இது கனவிலும் கிட்டாத காரியம். ரயிலேறி பம்பாய் சென்று, அங்கே முஸாஃபிர்கானாவில் தங்கி, கப்பலில் பல நாட்கள் அலைகளோடு போராடி அவர்கள் ஜித்தா சேர்ந்தார்கள். 1995ஆம் ஆண்டோடு அந்தக் கப்பல் பயணமும் நின்றுவிட்டது. ஒட்டகத்தின் ஒரு நாள் நடையான ஒரு மர்ஹலாவை நாற்பது கிலோ மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சென்னை - ஜித்தா தூரம் நூறு மர்ஹலாக்களுக்கும் மேல் ஆகும். மூன்று மாத நடையை ஒரு பகலுக்குள் அல்லாஹுத்தஆலா சுருக்கித் தந்திருக்கிறான். அல்ஹம்துலில்லாஹ்!

ஆனால் நாம் சிந்திக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மாதக்கணக்கில் ஒட்டகத்திலும் வாரக்கணக்கில் கப்பலிலும் சென்றவர்கள் ஒரு வக்துத் தொழுகையையும் விடாமல் போய்ச் சேர்ந்தார்கள். ஐந்தரை மணி நேரத்தில் போய்ச் சேரும் நம்மில் பலர் அந்த ஐந்தரை மணி நேரத்திற்குள் ஒரு பர்ளை, சில வேளை இரண்டு பர்ளுகளைப் பறிகொடுத்து விடுகிறோம். தொழுகைக்காகவே எழுப்பப்பட்ட அந்த ஆலயத்தைத் தேடிப் போகிறவர் வழியில் தொழுகையைத் தொலைத்துவிட்டுப் போவதா? இது எப்படி நேர்கிறது, இதிலிருந்து எவ்வாறு தப்புவது என்பதைக் கவனிப்போம்.

சொகுசுப் பயணத்திற்கும் சலுகை உண்டா?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். "குளிரூட்டப்பட்ட விமானத்தில் சாய்ந்து உட்கார்ந்து, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு போகிறோம். இதற்குப் போய் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கும் கஸ்ருச் சலுகையா?" என்று சிலர் கேட்கின்றனர்.

இதே போன்ற கேள்வி ஸஹாபாக்களின் காலத்திலேயே எழுந்துவிட்டது. கஸ்ரைப் பற்றிக் கூறும் ஸூரத்துன்னிஸாவின் 101வது ஆயத்து, பகைவர்களைப் பற்றிய அச்சத்தையும் சேர்த்துச் சொல்கிறது. இப்போதுதான் மக்கள் அச்சமின்றி இருக்கிறார்களே, இனியும் எதற்குக் கஸ்ரு என்று யஃலா இப்னு உமைய்யா (ரலி) அவர்கள் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். தமக்கும் அதே வியப்பு ஏற்பட்டு, நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடமே கேட்டதாக உமர் (ரலி) பதிலளித்தார்கள். இது அல்லாஹ் உங்களுக்கு வழங்கிய தர்மம், அவனுடைய தர்மத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் விடை கூறியதாக ஸஹீஹ் முஸ்லிமில் வந்திருக்கிறது.

அச்சம் நீங்கிய பின்னும் சலுகை நீங்கவில்லை. அதைப் போலவே களைப்பு நீங்கிய பின்னும் சலுகை நீங்காது. ஷரீஅத் கஸ்ருக்கு அளவுகோலாக வைத்தது பயணத்தின் தூரத்தைத்தான், பயணியின் வியர்வையை அல்ல. ஹிஜ்ரி 676ல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள், நம் பகுதி மதரஸாக்களில் இன்றும் ஓதிக்கொடுக்கப்படும் 'மின்ஹாஜ்' என்னும் தம் நூலில், கடல் வழியே சென்று அந்தத் தூரத்தை ஒரு சிறு பொழுதுக்குள் கடந்துவிட்டாலும் கஸ்ரு செய்யலாம் என்றே சட்டம் எழுதியிருக்கிறார்கள். ஆகாய விமானத்தைக் கண்டிராத காலத்தில் எழுதப்பட்ட அந்தச் சட்டம் இன்றைய விமானப் பயணிக்கு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது, பாருங்கள்! கஸ்ருக்குரிய தூரம் சுமார் எண்பது கிலோ மீட்டர் என்பது நம்மிடையே வழக்கத்தில் உள்ள கணக்கு. நிமிடத்திற்குப் பதினான்கு, பதினைந்து கிலோ மீட்டர் பறக்கும் விமானம் அதை ஆறே நிமிடத்தில் கடந்துவிடுகிறது. ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

ஆகவே சலுகை உண்டு. ஆனால் அந்தச் சலுகை தொழுகையை எளிதாக்குவதற்குத் தரப்பட்டதேயன்றி, தொழுகையை விட்டுவிடுவதற்குத் தரப்பட்டதல்ல. "பயணத்தில் இருக்கிறோம், ஊர் போய்ச் சேர்ந்து எல்லாவற்றையும் களாச் செய்துகொள்ளலாம்" என்று இருந்துவிடுவது, நான்கை இரண்டாகக் குறைத்துத் தந்த ரப்பிடம் அந்த இரண்டையும் கொடுக்க மறுப்பதாகும்.

டிக்கெட் காட்டும் நேரமும் உண்மை நேரமும்

இந்திய நேரத்திற்கும் ஸவூதி நேரத்திற்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இங்கே பிற்பகல் 3 மணி என்றால் அங்கே பகல் 12.30. சென்னையிலிருந்து பிற்பகல் 3 மணிக்குப் புறப்பட்டு மாலை 6 மணிக்கு ஜித்தாவில் இறங்குவதாக டிக்கெட்டில் இருந்தால், பார்ப்பவருக்கு மூன்று மணி நேரப் பயணமாகத் தோன்றும். உண்மையில் அது ஐந்தரை மணி நேரம். திரும்பும்போது இரவு 9 மணிக்குப் புறப்பட்டு அதிகாலை 5 மணிக்குச் சென்னையில் இறங்குவதாக இருந்தால் எட்டு மணி நேரம் போலத் தோன்றும். அதுவும் ஐந்தரை மணி நேரம்தான்.

இதில் அடங்கியிருக்கும் ரகசியம் என்ன? மேற்கே போகும்போது நாம் சூரியனைத் துரத்திக்கொண்டு போகிறோம். சென்னைக்கும் ஜித்தாவுக்கும் தீர்க்க ரேகையில் 41 பாகை வித்தியாசம். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. மேற்கே பறக்கும் விமானம் அதில் ஏறத்தாழ பாதியை ஈடுசெய்துவிடுவதால், சூரியன் நமக்குப் பாதி வேகத்தில் நகர்வது போல் ஆகிவிடுகிறது. பகல் நீள்கிறது, வக்துகளும் நீள்கின்றன. கிழக்கே திரும்பும்போது நிலைமை தலைகீழ். சூரியனை எதிர்கொண்டு வருகிறோம். இரவு சுருங்குகிறது, வக்துகளும் சுருங்குகின்றன. தொழுகை பறிபோவதற்கு இதை அறியாமலிருப்பதே முக்கியக் காரணம்.

போகும்போது

மேலே சொன்ன 3 மணி விமானத்தையே எடுத்துக்கொள்வோம். மாதம் மார்ச் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் சுமார் 6.20க்கு மஃரிப். விமானத்தில் ஜன்னல் மறைப்புகளை இறக்கிவிட்டு விளக்குகளையும் மங்கலாக்கிவிடுகிறார்கள். கையில் கட்டியிருக்கும் கடிகாரம் சென்னை நேரத்தில் 6.30 காட்டுகிறது. ஒருவர் எழுந்து மஃரிப் தொழுதுவிடுகிறார். ஆனால் அந்த நேரத்தில் விமானம் ஓமான் நாட்டை ஒட்டிப் பறந்துகொண்டிருக்கும். ஜன்னல் மறைப்பை உயர்த்திப் பார்த்தால் சூரியன் நன்றாகக் காய்ந்துகொண்டிருக்கும். அது அஸர் வக்து! வக்து வருமுன் தொழுத மஃரிப் நிறைவேறாது. மஃரிபு வந்துவிட்டதென எண்ணி அவர் அஸரைக் களாவில் சேர்த்துவிட்டிருந்தால் அந்த அஸரும் வீணே கைநழுவிப் போகும்.

சென்னை வீட்டில் உள்ளவர்கள் இஷாவை முடித்துவிட்ட இரவு 8.30 மணிக்கு, ஜித்தாவில் இறங்கும் நமக்கு இன்னும் சூரியன் மறையவில்லை. அங்கே மார்ச் மாதத்தில் மஃரிப் 6.30க்குப் பிறகுதான். இறங்கும் 6 மணிக்கு அஸருக்கு எஞ்சியிருப்பது அரை மணி நேரமே. பாஸ்போர்ட் வரிசையில் நிற்கும்போதே அது கரைந்துவிடும். ஆகவே அஸரை என்ன செய்வது என்பதைச் சென்னையிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

நாகப்பட்டினத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ புறப்பட்டு வந்தவர் சென்னையில் முஸாஃபிர். அவர் ஷாஃபிஈ மத்ஹபினராயின் விமான நிலையத்திலேயே லுஹரையும் அஸரையும் இரண்டிரண்டு ரக்அத்துகளாக ஜம்உ செய்து தொழுதுவிட்டு நிம்மதியாக ஏறலாம். சென்னைவாசிக்கு அப்படியல்ல. மீனம்பாக்கம் விமான நிலையம் ஊர்க் கட்டடங்களோடு சேர்ந்தே இருப்பதால் அவர் இன்னும் ஊரை விட்டு நீங்கவில்லை. லுஹரை நான்காகவே தொழுது, அஸரை விமானத்தில் கஸ்ராகத் தொழ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் அன்றி இரு தொழுகைகளை ஒரே வக்தில் சேர்ப்பது இல்லை என்பதால், ஹனஃபிகள் எந்த ஊரினராயினும் அஸரை அதன் வக்திலேயே தொழ ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

ரமளானில் உம்ராவுக்குச் செல்வோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பஜ்ரு வேளையில் தம் ஊரிலேயே இருந்து, பகலில் புறப்படுபவர் அன்றைய நோன்பைப் பிடித்தாக வேண்டும். அந்த நோன்பு மேற்கே போகப் போக இரண்டரை மணி நேரத்திற்கு மேலும் நீளும். பதினோரு கிலோ மீட்டர் உயரத்தில் அடிவானம் கீழே இறங்கித் தெரிவதால், தரையில் உள்ளவர்களுக்குச் சூரியன் மறைந்து பத்துப் பதினைந்து நிமிடங்கள் கழிந்த பின்பே விமானத்தில் இருப்பவருக்கு மறையும். சென்னை நேரத்தையும் பார்க்காமல், கீழே தெரியும் ஊரின் நேரத்தையும் பார்க்காமல், தாம் இருக்கும் இடத்திலிருந்து சூரியன் மறைவதைக் கண்ட பின்பே நோன்பு திறக்க வேண்டும்.

இஹ்ராமின் எல்லை

மக்காவை நாடிச் செல்பவருக்குத் தொழுகையோடு மீகாத்தும் சேர்ந்துகொள்கிறது. இந்தியாவிலிருந்து கடல் வழியே சென்ற முன்னோர்களுக்கு எலம்லம் மீகாத்தாக இருந்தது. இப்போது கிழக்கிலிருந்து ஜித்தாவை நோக்கி வரும் விமானங்கள் பொதுவாக கர்னுல் மனாஸிலின் எல்லையைக் கடந்தே இறங்குகின்றன. கர்னுல் மனாஸில் மக்காவுக்குக் கிழக்கே சுமார் எழுபத்தைந்து கிலோ மீட்டரிலும், ஜித்தா மக்காவுக்கு மேற்கே ஏறக்குறைய அதே தூரத்திலும் உள்ளன. எனவே விமானம் தரையைத் தொடுமுன்பே எல்லை கடந்துபோய்விடுகிறது.

"ஜித்தாவில் இறங்கிக் குளித்துவிட்டு நிதானமாக இஹ்ராம் கட்டலாம்" என்று எண்ணுவது பெரும்பாலான உலமாக்களின் தீர்ப்புப்படி மீகாத்தை இஹ்ராமின்றிக் கடந்ததாகும். மீகாத்துக்குத் திரும்பிச் சென்று இஹ்ராம் கட்டாவிட்டால் ஓர் ஆடு பலியிடும் தம்மு கடமையாகிவிடும். விமானத்தில் அறிவிப்புச் செய்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் நிமிடத்திற்குப் பதினைந்து கிலோ மீட்டர் போகும் ஊர்தியில் பத்து நிமிடம் கண்ணயர்ந்தால் 150 கிலோ மீட்டர் போய்விடுமே! ஆகவே ஆண்கள் இஹ்ராம் துணியை வீட்டிலோ விமான நிலையத்திலோ உடுத்திக்கொள்வது நல்லது. உறங்கிவிடுவோம் என்று அஞ்சுபவர் முன்னதாகவே நிய்யத்துச் செய்து தல்பியாச் சொல்லிவிடலாம். மீகாத்துக்கு முன் கட்டும் இஹ்ராம் செல்லும். முதலில் மதீனாவுக்குச் செல்பவர்களுக்கு இந்த அவசரம் இல்லை. அவர்களுக்கு மீகாத் துல்ஹுலைஃபா. எனவே டிக்கெட்டில் முதலில் இறங்கும் ஊர் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது

போகும்போது எல்லோருக்கும் உற்சாகம் இருக்கிறது. தொழுகை அதிகம் பறிபோவது திரும்பும்போதுதான். ஹரமில் ஜமாஅத்தோடு தொழுத நெற்றி, வீடு வந்து சேருமுன் ஸுப்ஹை இழந்துவிடுகிறது. ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம் பழமும் பத்திரமாக வந்து சேர்கின்றன. ஸுப்ஹு மட்டும் வந்து சேரவில்லை!

இரவு 9 மணிக்கு ஜித்தாவில் புறப்படும் விமானம் அதிகாலை 5 மணிக்குச் சென்னையில் இறங்குகிறது. மார்ச் மாதத்தில் அது ஸுப்ஹு வக்து தொடங்கும் நேரம். சூரியன் 6.15 அளவில் உதித்துவிடும். பாஸ்போர்ட் வரிசை, பெட்டிகளுக்குக் காத்திருத்தல், சுங்கப் பரிசோதனை, வெளியே மாலையோடு காத்திருக்கும் உறவினர்களின் முஸாஃபஹா என்று ஒரு மணி நேரம் எளிதில் போய்விடும். எனவே பெட்டிகளைத் தேடுமுன் ஓர் ஓரமாக நின்று இரண்டு ரக்அத்துகளைத் தொழுதுவிடுங்கள். இரண்டு ரக்அத்துக்கு ஐந்து நிமிடம் போதும். பெட்டி எங்கும் ஓடிவிடாது.

அதே விமானம் இரவு 10.30க்குப் புறப்பட்டால் 6.30க்கு இறங்கும். அப்போது ஸுப்ஹு வக்து வானத்திலேயே வந்து வானத்திலேயே முடிந்துவிடும். உயரத்தில் சூரியன் இன்னும் முந்தி உதிக்கும். இந்தப் பயணத்தில் ஸுப்ஹை விமானத்திலேயே தொழுதாக வேண்டும், வேறு வழியில்லை. ஸுப்ஹை இன்னொரு வக்தோடு சேர்த்துத் தொழ எந்த மத்ஹபிலும் இடமில்லை. மஃரிபையும் இஷாவையும் ஜித்தாவிலேயே முடித்துக்கொண்டு ஏறி, இறங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக எழுந்துகொள்ள வேண்டும்.

விமானத்தில் தொழும் முறை

"அங்கே தண்ணீர் ஏது?" என்பது முதல் சாக்கு. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்று ஹஜ்ரத் அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஒரு முத்து என்பது அரை லிட்டருக்குச் சற்று அதிகம். விமானக் கழிவறையில் அதற்குத் தாராளமாகத் தண்ணீர் உண்டு. ஒரு சிறு குவளையைக் கொண்டு போனால் பர்ளான உறுப்புகளை ஒரு முறை கழுவி முடித்துவிடலாம். கால் கழுவுவதுதான் சிரமம். அதற்கும் ஷரீஅத் வழி வைத்திருக்கிறது. முழு உளூவோடு அணிந்த தோல் காலுறையின் மீது முஸாஃபிர் மூன்று பகல், மூன்று இரவு வரை மஸ்ஹு செய்யலாம். இஹ்ராமில் உள்ள ஆண்கள் அதை அணிய முடியாது. ஆனால் திரும்பி வரும்போது யாவருக்கும் கைகொடுக்கும். உளூச் செய்த பின் கழிவறைத் தரையைக் காகிதத்தால் துடைத்துவிட்டு வெளியே வாருங்கள். அடுத்து வருபவர் வழுக்கி விழுந்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

"கிப்லா தெரியாதே!" என்பது இரண்டாவது சாக்கு. சென்னையிலிருந்து கிப்லா மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. விமானமும் அந்தத் திசையை ஒட்டியே போகிறது. ஆகவே போகும்போது கிப்லா ஏறத்தாழ விமானத்தின் மூக்குப் பக்கம். வரும்போது வால் பக்கம். இருக்கைக்கு முன்னுள்ள திரையில் தெரியும் வரைபடத்தைப் பார்த்தோ, பணியாளரிடம் கேட்டோ சரிபார்த்துக்கொள்ளலாம்.

"நின்று தொழ இடமில்லையே!" என்பது மூன்றாவது. நாயகம் (ஸல்) அவர்கள் நஃபிலான தொழுகைகளை வாகனத்தின் மீது அமர்ந்து, அது போகும் திசையிலேயே தொழுதிருக்கிறார்கள். பர்ளு வந்தபோதோ இறங்கி, கிப்லாவை முன்னோக்கித் தொழுதார்கள். எனவே பர்ளுக்கு நிற்க முடிந்தால் நிற்கத்தான் வேண்டும். பணியாளர்களிடம் பணிவோடு அனுமதி கேட்டால், உணவு பரிமாறாத நேரத்தில் சிறிது இடம் கிடைப்பது அரிதல்ல. கூட்டமாக வழியை அடைத்துக்கொண்டு நிற்காமல் ஒருவர் பின் ஒருவராகத் தொழுங்கள். இருக்கைப் பட்டையைக் கட்டச் சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று பிறரை அச்சுறுத்தாதீர்கள். எவ்வளவு முயன்றும் நிற்கவோ கிப்லாவை நோக்கவோ முடியாமல் வக்து கடந்துவிடும் நிலை வந்தால், வக்தின் கண்ணியத்திற்காக இருக்கையில் அமர்ந்தே முடிந்தவாறு தொழுதுவிட்டு, தரையிறங்கியபின் மீட்டித் தொழ வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். ஹனஃபிகள் தம் ஊர் உலமாக்களிடம் புறப்படுமுன்பே கேட்டுத் தெரிந்துகொள்வார்களாக.

டிக்கெட் வாங்கும்போதே…

சகோதரர்களே, சகோதரிகளே! டிக்கெட் வாங்கும்போது நாம் எத்தனை கேள்விகள் கேட்கிறோம்! கட்டணம் எவ்வளவு, எத்தனை கிலோ கொண்டு போகலாம், ஜம்ஜமுக்குத் தனி அனுமதி உண்டா, சாப்பாடு தருவார்களா என்றெல்லாம் விசாரிக்கிறோம். "இந்த விமானத்தில் எந்தெந்த வக்து வரும்?" என்று கேட்பவர் நூற்றில் எத்தனை பேர்? புறப்படும் நேரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். இறங்கும் ஊரின் தொழுகை நேரத்தை அதன் அருகே எழுதுங்கள். நடுவே வரும் வக்துகளை எண்ணுங்கள். எதை எங்கே தொழுவது என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். கட்டணம் ஏறத்தாழ சமமாக இருக்கும் இரண்டு விமானங்களில், ஸுப்ஹைத் தரையில் தொழ வாய்ப்புள்ளதைத் தேர்ந்தெடுங்கள். குழுக்களை அழைத்துச் செல்வோர் இந்தத் தாளை ஒவ்வொரு பயணியின் கையிலும் கொடுத்தால், அத்தனை பேருடைய தொழுகையின் நன்மையிலும் அவர்களுக்குப் பங்குண்டு.

ஹஜ், உம்ராவுக்கு மட்டுமன்று, பிழைப்புக்காகத் துபாய்க்கும் கோலாலம்பூருக்கும் லண்டனுக்கும் போய் வருகிறவர்களுக்கும் இதே கணக்குதான். மேற்கே போனால் வக்து நீளும். கிழக்கே போனால் வக்து சுருங்கும். எங்கே போனாலும் கடமை கூடவே வரும்.

நம் ஆயுளும் ஒரு பயணம்தான். அதன் டிக்கெட்டில் புறப்பட்ட நேரம் மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. இறங்கும் நேரத்தை அல்லாஹ் மறைத்து வைத்திருக்கிறான். இறங்கியதும் முதலில் விசாரிக்கப்படுவது தொழுகையைப் பற்றித்தான். தூரத்தைச் சுருக்கித் தந்த ரஹ்மான், அந்தத் தூரத்தினிடையே வரும் வக்துகளைப் பேணி நடக்கும் பாக்கியத்தையும் நமக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!